நான் வைத்த புள்ளி

அந்த அம்மா குறை ஒன்றும் சொல்லவில்லை. பாக்கிப் பணத்தை நான் கேட்பதற்கு முன்னாலேயே போனில் அனுப்பினார். "நல்லா இருக்கு தம்பி" என்றார். பலகையைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்றைக்கும் மரத்தில் எழுத்துகளை வளைத்து அறுக்கிற ஸ்க்ரோல் சா மெஷினில் பிளேடை மாட்டி, சுண்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கும்போது அந்தப் பேச்சுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

அவர் கொண்டு வந்தது இரண்டு பொருள். ஒன்று, இடித்துவிட்ட வீட்டு ஊஞ்சலின் தேக்குப் பலகையில் ஒரு துண்டு. இன்னொன்று அவருடைய அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டர். கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தை அந்த ஊஞ்சல் மரத்திலேயே அறுத்துத் தர வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டாம். அதில் ஒரு ‘ண்’, பக்கத்திலேயே ஒரு ‘ணா’, கடைசியில் ஒரு ‘லை’ வரும் என்றால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எனக்கு ஆசை வந்ததே அந்த ணாவையும் லையையும் பார்த்துத்தான். அந்த அப்பா 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்பு பள்ளிக்கூடம் போனவர். ண-வின் வாலே சுழித்துக் காலாகிவிட்ட பழைய ணா, துதிக்கையைத் தூக்கிய பழைய லை. இப்போது பெயர்ப்பலகை கேட்பவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் எழுத்தில் அனுப்புகிறார்கள். அதை லேசர் கடைக்காரர் எம்.டி.எஃப் என்கிற மரநார்ப் பலகையில் பத்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்துவிடுவார், என் விலையில் கால் பங்குக்கு. அப்படி இருக்கும்போது இப்படி ஒரு வேலை வந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

ஆனால் பேனாக் கோட்டை அப்படியே மரத்தில் எடுக்க முடியாது. ஜெராக்ஸில் 14 அங்குல நீளத்துக்குப் பெரிதாக்கினாலும் கோடு மெலிந்துதான் இருக்கும். மர ரேகைக்குக் குறுக்கே மெலிந்த இடம் வந்தால் பிஸ்கட் மாதிரி ஒடியும். அதனால் எல்லாக் கோட்டையும் 8 மில்லிமீட்டருக்குத் தடிப்பாக்கினேன். துதிக்கை ஒடியாமல் இருக்க ரேகை அதன் நீளவாக்கில் ஓடும்படி பேப்பரைத் திருப்பி ஒட்டினேன். ண-வின் சுழிகளுக்குள் தனித்தனியாகத் துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, முதலில் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம். வைரம் பாய்ந்த பழைய தேக்கு. 5ஆம் நம்பர் பிளேடு ஏழு போனது. மேலே பிரவுன் டேப் ஒட்டியும் வளைவுகளில் மரம் கருகப் பார்த்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கையெழுத்தில் நான் கை வைக்காத இடமே இல்லை. தடிப்பு என்னுடையது. வளைவும் பாதி என்னுடையது. அதற்கெல்லாம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பேப்பரில் இருந்தது ஏழு துண்டு. இனிஷியல் ஒன்று, அதன் பக்கத்தில் புள்ளி ஒன்று, பெயர் ஐந்து எழுத்து. சுவரில் தொங்குவது எட்டு.

எட்டாவது துண்டு, ண்-க்கு மேலே நான் வைத்த புள்ளி. பெரியவர் வைக்கவில்லை. இனிஷியலுக்கு வைத்தவர் இதற்கு வைக்காமல் விட்டிருந்தார். மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா? சத்தியமாகச் சொன்னால் நினைக்கக்கூட இல்லை. எழுத்துப் பிழையைப் பார்த்ததும் பென்சில் தானாகப் போய் புள்ளியை வைத்துவிட்டது. கழிவுத் துண்டில் அதைத் தனியாக அறுத்தேன். வட்டமாக அறுக்கவில்லை. இனிஷியல் பக்கத்தில் அவர் வைத்திருந்த புள்ளி எள் மாதிரி ஒரு பக்கம் சரிந்திருக்கும். அதே சாய்வில், அதே கூரோடு எடுத்து, கடைசியில் உப்புத்தாளை விரல் நுனியில் வைத்துத் தேய்த்தேன். பெரியவரே வைத்தது போல இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பலகையைக் கையில் வாங்கியதும் அந்த அம்மாவின் விரல் நேராக அங்கேதான் போனது.

"இந்தப் புள்ளி..."

"விட்டுப்போயிருந்தது. நான்தான் வெச்சேன்மா."

"விட்டுப்போகல தம்பி. அப்பா வைக்க மாட்டார்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பார்க்கிறவங்க தப்புன்னு சொல்லுவாங்களேம்மா" என்றேன். அவர் சிரித்தார். "தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன். புள்ளி வைக்காத பிள்ளைகளுக்கு எத்தனை மார்க் குறைச்சிருப்பேன்! ஆனா அப்பா வைக்க மாட்டார்." கொஞ்ச நேரம் கழித்து, "இதை மட்டும் எடுக்க வருமா?" என்று கேட்டார்.

"ஒட்டி பாலிஷ் போட்டாச்சும்மா. இனி எடுத்தா அடிமரம் பேர்ந்து வந்துடும்."

"சரி, பரவாயில்ல. நல்லா இருக்கு."

அவ்வளவுதான் நடந்தது.

நான் சொன்னது பொய்யா என்பதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். பின்பலகை ரப்பர் மரம். நெம்பி எடுத்தால் நார் பிய்ந்துகொண்டு வரத்தான் செய்யும். ஆனால் பெவிகால் சூட்டுக்கு இளகும் என்பது எனக்குத் தெரியும். தப்பாக ஒட்டிய துண்டுகளை இஸ்திரிப் பெட்டி வைத்து எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று சில நாள் சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அப்படிச் சொல்லிக்கொள்ள முடிவதில்லை.

அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் கையெழுத்தில் புள்ளி வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததும் இல்லை. என் தாத்தாவின் போஸ்ட் கார்டுகளைப் பார்த்து வளர்ந்தவன்தான். அதற்கும் முந்தி ஓலையில் எழுதியவர்களும் வைக்கவில்லை, எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று. ஓலையில் புள்ளி வைத்தால் ஓட்டை. மரத்திலோ எதனோடும் ஒட்டாமல் தனியாகக் கழன்று விழுகிற துண்டு அதுதான். எழுத்தை அறுக்கிறவனுக்கு அதைவிடத் தொல்லை கிடையாது. வைக்காமல் விடுவதுதான் எனக்குச் சுலபம். கூடுதலாக உழைத்துத்தானே வைத்தேன்? அதற்கு நான் தனியாகக் காசு வாங்கவும் இல்லையே?

இந்த வாதம் இரண்டு நாள் தாங்கும். அப்புறம், அந்த ணாவையும் லையையும் மட்டும் ஏன் புதிய எழுத்தாக மாற்றவில்லை என்று கேட்டுக்கொள்வேன். அவை எனக்குப் பிடித்திருந்தன, விட்டேன். புள்ளி இல்லாதது பிடிக்கவில்லை, வைத்தேன். புள்ளி இல்லாவிட்டாலும் அந்தப் பெயரை யாரும் தப்பாகப் படிக்கப் போவதில்லை. பார்க்கிறவர்கள் தப்பென்று சொல்வார்கள் என்றேனே, அவர்கள் அந்த அம்மாவின் சொந்தக்காரர்கள் இல்லை. பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் என் கடை ஸ்டிக்கரைப் பார்க்கிறவர்கள்.

இனிமேல் கொடுத்ததைக் கொடுத்தபடி அறுப்பது, சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேட்பது என்று முடிவு செய்தேன். போன மாதம் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்கு ‘அண்ணை இல்லம்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். கேட்காமல் ‘அன்னை’ என்று அறுத்துக் கொடுத்தேன். அவர்கள் கவனிக்கவே இல்லை. இதற்கு எனக்கு உறுத்தலும் இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மனைவியிடம் விளக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த ரப்பர் மரத்தில் அதே அளவுப் புள்ளி ஒன்றை ஒட்டி, பாலிஷ் போட்டு, ஒரு வாரம் காயவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் முனையை வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. மரம் பேரவில்லை. பாலிஷ் லேசாக வெளுத்து ஒரு வளையம் மட்டும் தெரிந்தது. அதுவும் தேய்த்து மறுபடி பாலிஷ் போட்டால் போய்விடும்.

அவர் நம்பர் போனில் ‘ஊஞ்சல் அம்மா’ என்று இருக்கிறது. வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்தில் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னால் போதும். இன்னும் கூப்பிடவில்லை. அன்றைக்கு வராது என்றேனே, அதை எப்படிச் சொல்வது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் புள்ளி எனக்கு ரொம்ப நன்றாக வந்திருந்தது.