அலமாரி கண் திறந்த கதை

அம்மாவின் பூஜை அலமாரியை நானே செய்வதென்று முடிவெடுத்தபோது, பழைய மரக்கடையில் பார்சல் பெட்டி பிரித்த பைன் பலகை மலிவாகக் கிடைத்தது என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் என்னிடம் இருக்கவில்லை. அறுத்து ஆணியடிக்கும் வேலை எப்படியோ முடிந்தது. சாமிக்கு உரியதாயிற்றே என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். காய்ந்ததும் மரத்தின் நாரெல்லாம் சிலிர்த்து எழுந்து, இரண்டு நாள் மழிக்காத தாடையைப் போலச் சொரசொரத்தது. ஹார்டுவேர் கடைக்காரர் வெள்ளை எனாமல் பெயின்டுடன் உப்புத்தாளையும் பிரைமர் என்னும் அடிப்பூச்சையும் எடுத்து வைத்து, வெறும் மரத்தில் நேரடியாக அடிக்காதீர்கள் என்றார். ஒரு டப்பா கேட்டவனுக்கு இரண்டு டப்பா விற்கும் தந்திரம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, பிரைமரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதல் பூச்சை மரம் குடித்துவிட்டது. குறிப்பாக, நாளங்கள் வாய் திறந்திருக்கும் அறுத்த முனைகள், வெயிலில் வந்த விருந்தாளி மோர் குடிப்பதைப் போல உறிஞ்சின. விலை குறைந்த பிரைமர் அடைத்திருக்க வேண்டிய துளைகளை விலை கூடிய எனாமலைக் கொண்டு அடைத்து, மூன்றாவது பூச்சில் ஒருவழியாகப் பால்வெள்ளையைக் கண்டேன்.

பத்து நாள் கழித்து, விடியற்காலையில் அம்மாவின் குரல் கேட்டு ஓடினேன். முருகன் படத்துக்குச் சற்று மேலே, பின்பலகையில், பழுப்பு நிறத்தில் இரண்டு வட்டங்கள் ஒரே மட்டத்தில் தோன்றி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு அத்தை கற்பூரத்துடன் வந்துவிட்டார்.

பக்கத்துத் தெரு தச்சர் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சாமியும் இல்ல, பூதமும் இல்ல சார், கணு பிசின் கக்குது" என்றார். கணு என்பது கிளை முளைத்த இடம். பைன் மரத்தில் அங்கேதான் பிசின் மிகுதியாகத் தேங்கியிருக்குமாம். பெயின்டில் உள்ள டர்பன்டைன் அதைக் கரைத்து மேலே இழுத்துவிடும் என்றும், எத்தனை பூச்சு வெள்ளை அடித்தாலும் அது ஏறி வந்துகொண்டேதான் இருக்கும் என்றும் அவர் விளக்கினார். அவர் சொன்னபடி சொரசொரப்பு மிகுந்த 80 எண் உப்புத்தாளால் கணு தெரியும்வரை தேய்த்து, அரக்குப்பூச்சி சுரக்கும் அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து இரண்டு முறை பூசினேன். மரத்தின் பிசினை அடக்க ஒரு பூச்சியின் பிசின் தேவைப்படுகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு பிரைமர் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, நைசான 220 எண் தாளால் மெல்லத் தேய்த்து, எனாமலை இரண்டு முறை மெல்லிசாக இழுத்தேன். பிரைமரை வாங்கப் போனபோது கடைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் உறுத்தியது.

கண்கள் மூடி மூன்று மாதம் ஆகின்றது. அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. அந்த இடங்களைச் சரியாக நினைவில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெயில் குழைத்த குங்குமத்தை இரண்டு பெரிய பொட்டுகளாக அங்கே வைத்துவருகிறார்.