ஏழு சில்லு வளையம்: சுற்றளவு 12-ஆ, 16-ஆ?

ஒரே அளவுச் சதுரச் சில்லுகளைப் பக்கத்தோடு பக்கம் முழுதாக ஒட்டவைத்து எத்தனை உருவங்கள் வரும் என்று பார்த்து (திருப்பினாலோ புரட்டினாலோ ஒன்றாவதை ஒன்றாகவே எண்ணி), ஒவ்வொன்றின் சுற்றளவையும் கணக்கிலும் நூலைச் சுற்றியும் அளந்து வருகிறேன்; சில்லின் ஒரு பக்கம்தான் 1. ஆறு சில்லு உருவங்கள் 35-உம் முடிந்தன. சுற்றளவு 10 வருவது 2×3 செவ்வகம் ஒன்றுதான். 12 வருபவை 7, மீதி 27-க்கும் 14. சில்லுக்கு 4 போட்டு, ஒட்டிய பக்கம் ஒவ்வொன்றுக்கும் 2 கழிக்கும் கணக்கும் நூல் அளவும் ஓரிடத்தில்கூட முரண்படவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஏழுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். 108 உருவங்களில் ஓட்டை உள்ளது ஒன்றே ஒன்று: 3×3 கட்டத்தில் நடுவிலும் ஒரு மூலையிலும் சில்லு இருக்காது. ஒட்டிய பக்கங்கள் 6. 28-இல் 12 போக 16. ஆனால் நூலைச் சுற்றினால் 12. மூன்று முறை சுற்றினேன், 12-தான்.

இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு சில்லுகளை நேர்வரிசையில் வைத்தால் 16. அந்த வரிசையை மடக்கி மடக்கி வளைத்ததுதானே இந்த உருவம்? மடக்கும்போது புதிதாக எந்தப் பக்கமும் ஒட்டவில்லை, வாலும் தலையும் ஒரு முனையில் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். அப்படியானால் 4 எங்கே போனது?

அந்த முனையில்தான் இருந்தது. நூல் அதைத் தாண்டி வெளியோடே போய்விட்டது. உள்ளே திருப்பி, ஓட்டையின் நான்கு பக்கங்களையும் சுற்றி, அதே முனை வழியாக வெளியே எடுக்க வேண்டும். கத்தியால் வெட்டிய அட்டைச் சில்லுகளின் கூர்முனைகள் நூலை விடவே இல்லை. மூலை மழுங்கிய மரச் சில்லுகளுக்கு மாறி, நூலில் மெழுகு தேய்த்தேன். இடுக்கில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது! மழுங்கிய மூலையில் நூல் கொஞ்சம் குறுக்கே போகும் என்பதால் ஸ்கேல் வைக்காமல் பக்கங்களை எண்ணினேன். ஒரே நூல், 16 பக்கம்.

அப்புறம் மூலைச் சில்லைத் திரும்ப வைத்துப் பார்த்தேன். எட்டுச் சில்லு, எட்டு ஒட்டு, அப்போதும் 16. ஆனால் இப்போது நூல் இரண்டு வேண்டும்: வெளியே 12, உள்ளே 4. ஒரு சில்லு கூடியும் சுற்றளவு நகரவில்லை, நூல்தான் இரண்டானது. இதுவரை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மரச் சில்லு வாங்குபவர்கள் மூலை மழுங்கியதையே கேட்டு வாங்குங்கள். பார்க்கக் கூர்மூலை அழகு, அளக்க இதுதான் வசதி.

ஏழில் இன்னும் பாதிகூட ஆகவில்லை. அதற்குள் எட்டுக்குச் சில்லுகளை எண்ணி வைத்தாயிற்று. எட்டுச் சில்லு உருவங்கள் 369-இல் ஓட்டை உள்ளவை 6. முழு வளையம் முடிந்தது, இன்னும் 5.