பான்ஃபிலோவ் பூங்காவில் ஒரு காலை

கசகஸ்தானின் அல்மாட்டி நகரின் நடுவே இப்படி ஒரு சோலை! ஓக், எல்ம், பைன் என்று வானம் தெரியாத அளவுக்கு மரங்கள். உள்ளே நுழைந்ததும் சாலை இரைச்சல் பாதியாகிவிடுகிறது.

28 பான்ஃபிலோவ் வீரர்கள் பூங்கா என்பது இதன் பெயர். ஜெனரல் இவான் பான்ஃபிலோவ் 1941-ல் இந்த ஊரில்தான் 316-வது படைப்பிரிவைத் திரட்டினார். கசாக்கியர், கிர்கிசியர், ரஷ்யர் எல்லாரும் அதில் இருந்தார்கள். மாஸ்கோவைக் காக்கப் போன அந்தப் படை வோலோகோலாம்ஸ்க் சாலையில் ஜெர்மன் டாங்கிகளை எதிர்த்து நின்றது. நவம்பர் 18-ல் பான்ஃபிலோவும் களத்திலேயே இறந்தார்.

28 பேர் மட்டுமே நின்று அத்தனை பேரும் மடிந்தார்கள் என்ற கதை பத்திரிகையில் ஊதிப் பெருக்கப்பட்டது என்று 1948-லேயே சோவியத் ராணுவ விசாரணை சொல்லிவிட்டது. அவர்களில் சிலர் உயிர் பிழைத்திருந்தார்கள். அதனால் எனக்கு மரியாதை துளியும் குறையவில்லை. அந்தப் பனியில் செத்தவர்கள் 28 பேரை விட மிக அதிகம். அவர்கள் பெயர்களும் சொல்லப்பட வேண்டும்.

பூங்காவில் போர் வீரர்கள் நினைவாக எரியும் அணையா விளக்கின் முன்னால் புதுமணத் தம்பதி ஒன்று பூ வைத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்று இங்கே வருவது இந்த ஊர் வழக்கமாம். நெஞ்சு நெகிழ்ந்துபோனேன்.

பூங்காவுக்குள்ளேயே 1907-ல் கட்டி முடித்த மரத் தேவாலயம் இருக்கிறது. 1911-ன் பெரும் பூகம்பத்தில் நகரமே சரிந்தபோதும் அது நின்றது. அல்மாட்டி போகிறவர்கள் அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பசுமைச் சந்தையும் நடக்கிற தூரம்தான்.