ரோமியோ: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

‘ரோமியோ ஜூலியட்’ முதல் அங்கம். நாயகன் வருமுன்பே அப்பா மாண்டகியூ புலம்ப ஆரம்பித்துவிடுகிறார்: பையன் விடியுமுன் தோப்பில் அழுதுகொண்டு திரிகிறான், வெயில் ஏறியதும் அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்திப் பகலை இரவாக்கிக்கொள்கிறான். எல்லாம் ரோசலினுக்காக. அவளுக்கோ நாடகத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற ஆரோக்கியம் என்று இவன் அடுக்குவதெல்லாம் அந்தக் காலத்துக் காதல் கவிதைகளில் தேய்ந்துபோன சரக்கு. ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றேதான் இப்படிப் பேசவிடுகிறார் என்று படுகிறது. இவனுக்கு ரோசலினைவிடத் தன் சோகத்தின் மேல்தான் பிரியம்.

ஜூன் 4, புதன்

கபுலெட் வீட்டு விருந்து. ஜூலியட்டைப் பார்த்த கணமே ரோசலின் போயே போனாள். சபலபுத்தி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தனியே புலம்பியவன் இங்கேதான் எதிரில் நிற்பவளுக்கும் பேச இடம் விடுகிறான். அவன் யாத்ரீகன், அவள் புனிதச் சிலை என்று வளர்கிற அந்தப் பேச்சு, இருவர் வரிகளும் சேர்ந்து 14 வரி சானெட் கவிதையாக முடிகிறது. மாடத்துக்குக் கீழே நிலாவின் மேல் சத்தியம் செய்யப் போனவனை, தேய்ந்து வளர்கிற நிலா வேண்டாம் என்று அவள் தடுக்கிறாள். 14 வயது நிறையாத பெண்ணுக்கு இருக்கிற நிதானம் இவனுக்கு இல்லை!

எதிரி வீட்டுக் கபுலெட்டே, ஜூலியட்டின் அப்பா, ஊரில் நல்ல பிள்ளை என்று பேரெடுத்தவன் என இவனுக்காக, சண்டைக்குப் பாயும் தன் உறவினன் டிபால்ட்டை அடக்குகிறார். இதை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஜூன் 6, வெள்ளி

டிபால்ட் வம்புக்கு இழுத்தும் ரோமியோ வாளை உருவவில்லை. ஜூலியட்டோடு ரகசியக் கல்யாணம் ஆகிவிட்டதால், டிபால்ட் இப்போது மனைவியின் உறவு. அதை வெளியே சொல்லவும் முடியாது. நண்பன் மெர்குஷியோ அதைக் கோழைத்தனமாக நினைத்துத் தானே இறங்குகிறான். விலக்கிவிட ரோமியோ குறுக்கே பாய, அவன் கைக்கடியில் டிபால்ட்டின் வாள் நண்பனைக் குத்திவிடுகிறது. பிறகு ரோமியோ கையால் டிபால்ட்டும் பிணம். நாடுகடத்தல் தண்டனை கேட்டு, பாதிரியார் லாரன்ஸின் அறையில் ரோமியோ தரையில் கிடந்து அழுகிறான். ஆம்பளையா எழுந்து நில் என்று ஜூலியட்டின் செவிலியே அதட்டுகிறாள்.

ஜூன் 7, சனி

ஜூலியட் இறந்துவிட்டாள் என்று வேலைக்காரன் பால்தசார் வந்து சொல்கிறான். உண்மையில் அவள் பாதிரியார் கொடுத்த மருந்தால் மயங்கித்தான் கிடக்கிறாள். பழைய ரோமியோ பக்கம் பக்கமாகப் பொழிந்திருப்பான். இவன், “அப்படியா?” என்கிறான். நட்சத்திரங்களுக்கு ஒரு சவால். அவ்வளவுதான், உடனே மையும் தாளும் குதிரையும் கேட்கிறான்.

நாடுகடத்தப்பட்டு இருக்கிற மாண்டுவா ஊரின் மருந்துக்கடையில் ஆமை, பாடம் செய்த முதலை, காலிப் பெட்டிகள். விஷத்துக்கு 40 டுகாட் பொற்காசு கொடுத்துவிட்டு, பொன்தான் கொடிய விஷம், அதை விற்றது நானே, நீயல்ல. சாப்பாடு வாங்கி உடம்பைத் தேற்றிக்கொள் என்கிறான். கல்லறையில் தான் கொன்ற பாரிஸை (ஜூலியட்டை மணக்க இருந்தவன்), அவன் கேட்டபடியே ஜூலியட் பக்கத்தில் கிடத்துகிறான். டிபால்ட்டின் பிணத்திடம் மன்னிப்புக் கேட்கிறான். இத்தனை பக்குவம் வந்தும் அவசரம் மட்டும் விடவில்லை. அவள் உதடும் கன்னமும் சிவந்திருப்பதை வாய்விட்டே சொல்கிறான். ஏன் என்று யோசிக்கவில்லை.

பிளேக் தடையால், மயக்க மருந்து விஷயத்தைச் சொல்லும் பாதிரியாரின் கடிதம் ரோமியோவுக்குச் சேராததுதான் இருவர் சாவுக்கும் காரணம் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஆர்தர் புரூக்கின் 1562 கவிதையில் மாதக்கணக்கில் நடக்கிற கதையை ஷேக்ஸ்பியர் ஞாயிறிலிருந்து வியாழனுக்குள் சுருக்கினார். அந்த வேகம் ரோமியோவுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது.

அடுத்து பாரிஸைப் பற்றி எழுத வேண்டும். பாவம், அவன் என்ன தப்பு செய்தான்?