திருக்கோவிலில் ஒரு நாள் தங்கிப் போங்க சாமி

கதிர்காமப் பாதயாத்திரைக்கு உகந்தையில் காட்டுப்பாதை திறக்கிற திகதி தெரிந்துவிட்டால், நடந்து வருகிற சாமிமாருக்கு ஒரே அவதி. மண்டூரில் கும்பிட்டதும் நடை, திருக்கோவிலில் ஒரு கற்பூரம், அன்றைக்கே பொத்துவில் றோட்டில் புறப்பாடு. காலுக்கும் கூடாது, திருக்கோவில் முருகன் சித்திர வேலாயுதருக்கும் அது மரியாதையில்லை.

சூரனைப் பிளந்த வேல் தங்கிய மண் இது. மட்டக்களப்புத் தேசத்துக் கோவில்களில் ஒன்று. விஜயபாகு தேவரின் 10ஆம் ஆட்சியாண்டில், தை மாதத்தில் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு இந்தப் பகுதியில் கிடைத்தது. அதில் ‘சிவஞான சங்கரர் கோயில்’ என்று பெயர் வருகிறது. போர்த்துக்கேயர் இடித்த பிறகும் விளக்கு அணையவில்லை. கோவிலைச் சுற்றி மெதுவாக நடந்து, அப்படியே தம்பிலுவில் கண்ணகி அம்மனிடமும் போய் வாருங்கள். வாசலில் அன்னதானக் கொப்பியோடு மறிப்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம்; உண்டியல் உள்ளே இருக்கிறது.

கடல் பக்கத்திலேயே. எல்லோரும் பிழை விடுவது அங்கேதான். கடலில் குளித்த ஈரக்காலோடு நடக்கத் தொடங்கினால் உப்பும் மணலும் விரலிடுக்கில் சேர்ந்து அரம்போல் தேய்க்கும். ஊறிய தோல் பொத்துவில் வழியில் வரும் கோமாரிக்கு முன்னமே கொப்புளித்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, விரல் விரலாகத் துடைத்து, காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் கொஞ்சமாகப் பூசுங்கள். கொப்புளம் வந்துவிட்டால், நெருப்பில் காட்டி ஆறவைத்த ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரித்தால் யாத்திரை அங்கேயே முடிந்தது.

பை 7 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பித்தளைச் செம்பு, இரண்டாவது போர்வை, நாலாவது சேலை எல்லாம் இங்கேயே ஊருக்குத் திருப்பி அனுப்பவேண்டியவை. அவல், சர்க்கரை, மல்லி, உப்பு, தேசிக்காய், ஒரு சிரட்டை போதும். சிரட்டையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்: காட்டுப்பாதையில் குமுக்கன் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் கலங்காமல் அள்ள அதுதான் வேண்டும்.

பொத்துவில் இங்கிருந்து 30 கிலோமீற்றர் அளவு வரும். ஒரே நாளில் போகாமல் கோமாரியில் படுங்கள். சங்கமன்கண்டிப் பிள்ளையாரடியை விடிந்த பிறகு, கூட்டமாகக் கடக்க வேண்டும்; யானை நிற்கும். 10 மணிக்குப் பிறகு தார் கொதிக்கும், வெறுங்கால்காரர் ஓரத்து மண்ணில் இறங்கி நடக்கவும்.

மற்றதெல்லாம் மாலைப் பூசைக்குப் பிறகு. பூசை நேரம் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து முன்னால் நிற்பவர்கள் பின்னால் நிற்கும் ஆச்சிமாரை ஒருக்கால் திரும்பிப் பார்க்கட்டும். மணி அடிக்கும். தீபம் மேலே எழும்பும்போது, காலில் சீலைத்துணி சுற்றிய சனம் முழுக்க நோவை மறந்து நுனிக்காலில் நிற்கும். பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்தவர், சுகமானதற்கு வந்தவர், காணாமல் போனவருக்காக இன்னும் நடக்கிறவர், எல்லோருக்கும் ஒரே சொல்தான் வருகிறது: அரோகரா! இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டு வந்தாயே அப்பனே, உன் வாசலில் நிற்கக் காலைத் தந்தாயே.

விடிய 4 மணிக்கு, கூட்டத்தை நடத்திப் போகும் வேல்சாமி வேலைத் தூக்குவார். அதற்குள் கால் காய்ந்திருக்க வேண்டும்.