எக்ஸிமாவுக்கு ஒளி சிகிச்சை: நான் எடுத்துக்கொண்ட அனுபவம்

எக்ஸிமா என்பது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய். ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அடங்கும், நிறுத்தினால் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் திரும்ப வந்துவிடும். வருடக்கணக்கில் இப்படியே ஓடிய பிறகுதான் தோல் மருத்துவர் ஒளி சிகிச்சை பற்றிப் பேசினார். நேரோபேண்ட் யுவிபி என்பார்கள். புற ஊதாக் கதிர்களில் 311 நானோமீட்டரை ஒட்டிய பகுதியை மட்டும் தோலில் படவைத்து, அங்கே அழற்சியைக் கிளப்பும் நோய் எதிர்ப்புச் செல்களை அடக்குவது. வெயிலில் நின்றால் போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது, வெயிலின் அளவு நம் கையில் இல்லை, வியர்வையே அரிப்பைக் கிளப்பிவிடும்.

விளக்குகள் நிறைந்த பெட்டிக்குள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், ஆண்கள் பிறப்புறுப்பையும் மூடிக்கொள்ள வேண்டும். முதலில் மிகக் குறைந்த அளவு, அப்புறம் தோல் தாங்குவதைப் பார்த்துக் கூட்டுவார்கள். பெட்டிக்குள் ஒரு சிரமமும் இல்லை. வாரம் 2, 3 முறை என்று மாதக்கணக்கில் வேலைக்கு நடுவே போய்வருவதுதான் ஆளைச் சோர வைக்கிறது, நடுவில் விட்டால் அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டி வரலாம்.

ஆரம்பத்தில் தோல் இன்னும் வறண்டது, அரிப்பும் கூடியது. இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். குளித்த ஈரத்தோடு மாய்ஸ்சரைசர் தடவுங்கள், ஆனால் பெட்டிக்குள் போகுமுன் கெட்டியான களிம்பு வேண்டாம், கதிரை மறைத்துவிடும். மறுநாள் தோல் சிவந்து எரிந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். புதிதாக எந்த மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும், டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகளால் தோல் சீக்கிரம் வெந்துபோகும்.

எனக்குச் சிவந்த தடிப்புகள் மங்கும் முன்பே ராத்திரி அரிப்பு குறைந்தது. விடியும்வரை தூங்கினேன், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

ஒளி எல்லோருக்கும் கேட்காது. நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இருக்கிறது, வேகமாக வேலை செய்யும், ஆனால் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். அதே போல நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே, கர்ப்பத்தில் கூடவே கூடாது. பெரியவர்களுக்குப் பொதுவாக 2 வாரத்துக்கு ஒருமுறை போடும் டூபிலுமாப் ஊசியும் உண்டு, சிலருக்குக் கண் சிவக்கும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், கேட்காமல் பலர் சொல்வதில்லை. சைக்ளோஸ்போரினையும் ஒளியையும் சேர்த்து எடுப்பதைத் தவிர்ப்பார்கள், தோல் புற்றுநோய் அபாயம் கூடும் என்பதால். அதே காரணத்துக்காக, இதுவரை எத்தனை முறை ஒளி எடுத்தீர்கள் என்ற பதிவையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் மாறினால் அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.