மேட்டி குரோவ்ஸோடு ஒரு வாரம்

நவம்பர் 4

நல்ல மழை. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'லீஜ் அண்ட் லீஃப்' ரெக்கார்டைத் தூசி தட்டிப் போட்டேன். 1969 டிசம்பரில் வந்தது. நண்பன் ஒருவன் வீடு மாறியபோது என் தலையில் கட்டிய பெட்டியில் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் உண்டு.

முதல் பாட்டு 'கம் ஆல் யீ'. வாருங்கள், சேர்ந்து வாசிப்போம் என்கிற அழைப்பு. கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. பந்தி உள்ளேதான்.

நவம்பர் 5

'மேட்டி குரோவ்ஸ்' மட்டும் நான்கு முறை. எட்டு நிமிடப் பாட்டு. 17ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிய இங்கிலாந்துக் கதைப்பாட்டு. மெட்டு மட்டும் 'ஷேடி குரோவ்' என்ற அமெரிக்கப் பாட்டுடையது.

கோயிலுக்கு வந்த பிரபுவின் மனைவி மேட்டி என்ற இளைஞனைப் பார்க்கிறாள், வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். வேலைக்காரன் ஓடி, ஆற்றை நீந்திக் கடந்து கோள் சொல்கிறான். விடிந்து கண் விழித்தால் கட்டில் காலடியில் பிரபு நிற்கிறான். மெத்தை வசதியா, விரிப்பு வசதியா என்று விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி விசாரிக்கிறான். நிராயுதபாணியைக் கொன்ற பழி வரக்கூடாதாம், தன் இரண்டு வாள்களில் நல்லதை மேட்டியிடம் கொடுக்கிறான். பிறகு வெட்டிச் சாய்க்கிறான். மனைவியையும் விடவில்லை. இருவருக்கும் ஒரே குழி, ஆனால் அவளை மேலே வைக்கச் சொல்கிறான், உயர்குடிப் பெண்ணாம். புதைகுழியிலும் குலம்!

இத்தனையையும் குழுவின் பாடகி சாண்டி டென்னி ஒரே குரலில் பாடுகிறார். பிரபுவுக்காகக் குரலைக் கரகரப்பாக்கவில்லை, செத்தவனுக்காக விம்மவில்லை. பாட்டு முடிந்ததும் டேவ் ஸ்வார்ப்ரிக்கின் பிடிலும் ரிச்சர்ட் தாம்சனின் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கின்றன. டென்னி அடக்கி வைத்ததெல்லாம் அங்கேதான் வெடிக்கிறது.

நவம்பர் 6

மின்தடை. ரெக்கார்டும் இல்லை, தூக்கமும் இல்லை.

நவம்பர் 7

1969 மே மாதம் நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் இவர்களுடைய வேன் கவிழ்ந்தது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது 19. தாம்சனின் தோழியும் போய்விட்டார். பழைய பாட்டுகளை மறுபடி வாசிக்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற கிராமத்தில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். பேஸ் கிட்டார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ், நாட்டுப்பாட்டு நூலகம் உள்ள லண்டன் செசில் ஷார்ப் இல்லத்தில் உட்கார்ந்து பழம்பாட்டுகளைத் தேடினார். புதிய டிரம்மர் டேவ் மட்டாக்ஸ், பால்ரூம் நடனக் குழுக்களில் வாசித்துப் பழகியவர். ராக் டிரம்மர் என்றால் இடிப்பார்; இவர் வரிக்கு இடம் விட்டு அடிக்கிறார்.

இதெல்லாம் தெரிந்தபின் 'ஃபேர்வெல், ஃபேர்வெல்' வேறு மாதிரி கேட்கிறது. 'வில்லி ஓ'வின்ஸ்பரி' என்ற பழைய மெட்டில் தாம்சன் புதிதாகச் சொல் வைத்தது. மூன்று நிமிடம்கூட இல்லை. விபத்தைப் பற்றி நேராக ஒரு சொல் கிடையாது, ஆனாலும் நான் அதைத்தான் கேட்கிறேன். தாம்சனுக்கு அப்போது 20 வயது. சொந்தத் துக்கத்தைச் சொல்ல யாரோ விட்டுப்போன மெட்டு தேவைப்பட்டிருக்கிறது.

நவம்பர் 9

இரண்டாம் பக்கம். 'தி டெசர்ட்டர்' கேட்டால் சிரிப்பு வருகிறது: படையை விட்டு ஓடி ஓடி மாட்டிக்கொள்கிறவனை, கடைசியில் இளவரசர் ஆல்பர்ட் வந்து விடுவித்துவிடுகிறார். எந்தப் படைவீரனின் பகல்கனவோ! நடன மெட்டுகளைக் கோத்த வாத்திய இசையில் ஸ்வார்ப்ரிக் பறக்கிறார்.

பிறகு 'டாம் லின்'. தேவதைகளின் அரசியிடம் சிக்கியவனை ஜேனட் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவள் கைக்குள்ளேயே அவன் பாம்பாக, சிங்கமாக மாறுகிறான். விடவில்லை. தோற்ற அரசி, தெரிந்திருந்தால் உன்னை மரமாக்கியிருப்பேனே என்று பொருமுகிறாள். கூடவே காலால் தாளம் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் தப்பான இடத்தில் விழுந்தது. என் கீறலும் இந்தப் பாட்டில்தான். சரியாக அவன் உருமாறும் இடத்தில் ஒரு 'டக்'.

ரெக்கார்டு கடைக்கு வருவதற்குள் டென்னியும் ஹட்சிங்ஸும் குழுவை விட்டுப் போயிருந்தார்கள். இந்த ஆறு பேர் கூட்டணிக்குச் சில மாத ஆயுள்தான்.

நவம்பர் 10

நண்பன் போன் செய்தான். "டேய், அந்தப் பெட்டியில ஒரு இங்கிலீஷ் ரெக்கார்டு இருந்துச்சே, இருக்கா?" இருக்கிறது என்றேன். கீறலைப் பற்றியும் சொன்னேன். பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன் என்றான். சனிக்கிழமை வா, இங்கேயே கேட்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.